நாகர்கோவிலில் லத்தீன் வகுப்பு: போகலாமா?

போகலாம். கோட்டாறு பக்கம் ஒரு வீட்டு மாடியில் ஞாயிறு மதியத்துக்கு மேல் நடக்கிறது. நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், இளவயதில் குருமடத்தில் (பாதிரியார் ஆகப் படிக்கும் இடம்) படித்தவர், பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வருபவர்களில் பாதிப்பேர் நர்சிங் படிக்கும் பிள்ளைகள், மீதி என்னைப் போல வேறு வேலை இல்லாதவர்கள், அப்புறம் 1960களில் கத்தோலிக்கக் கோவில் பூசை தமிழுக்கு மாறும் முன் லத்தீனில் பதில் சொல்லிப் பழகிய ஒரு பெரியவர்.

சாரின் கெட்டிக்காரத்தனம் எனக்குப் புரிந்தது ஒப்பீட்டுப் பெயரடைகள் நடத்திய அன்றுதான். நமக்கு இது தொல்லையே இல்லாத சமாச்சாரம், 'விட' என்று ஒட்டிவிட்டால் முடிந்தது, பெயரடை அசையாது. லத்தீனில் சொல்லே மாறும். ஒழுங்கானவை சரி, ஆல்துஸ் (உயர்ந்த), ஆல்த்ஸியோர் (இன்னும் உயர்ந்த), ஆல்திஸ்ஸிமுஸ் (மிக உயர்ந்த) என்று வால் மட்டும் வளரும். ஆனால் நல்லது, கெட்டது, பெரியது, சிறியது, நிறைய என்று தினமும் வாயில் வருகிற ஐந்தும்தான் அடங்காதவை. போனுஸ், மேலியோர், ஓப்திமுஸ். மாலுஸ், பேயோர், பெஸ்ஸிமுஸ். மாஞ்ஞுஸ், மாயோர், மாக்ஸிமுஸ். பார்வுஸ், மினோர், மினிமுஸ். முல்துஸ், ப்ளூஸ், ப்ளூரிமுஸ். அதிகம் புழங்கும் சொல்தான் பழைய உருவத்தை விடாமல் வைத்திருக்கும் என்றார் சார். இங்கே சொல்லித்தருவது கத்தோலிக்கக் கோவில் உச்சரிப்பு, அதனால்தான் 'மாக்னுஸ்' இல்லாமல் 'மாஞ்ஞுஸ்'. குழந்தையைக் 'குஞ்ஞு' என்று கூப்பிடும் விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது முதல் தடவையே வந்துவிட்டது, எங்களுக்குத்தான் நாக்கு புரளவில்லை.

மனப்பாடம் செய்யச் சொல்லி விட்டுவிடாமல் நர்சிங் பிள்ளைகளின் உடற்கூறு புத்தகத்தை வாங்கினார் பாருங்கள், அங்கேதான் வகுப்பு களைகட்டியது. நெஞ்சில் பெக்டொராலிஸ் மேஜர், மைனர் (மாயோர், மினோரை ஆங்கிலத்தில் சொல்வது) என்று இரண்டு தசை. புட்டத்தில் குளூட்டியஸ் மேக்ஸிமஸ், மீடியஸ், மினிமஸ் என்று மூன்று. இங்கே மேஜர், அங்கே மட்டும் ஏன் மேக்ஸிமஸ்? இரண்டே இருந்தால் 'இதைவிடப் பெரியது' போதும், மூன்று வந்தால்தான் 'எல்லாவற்றிலும் பெரியது' வேண்டும். வானத்தில் கரடி பெயர் கொண்ட விண்மீன் கூட்டங்களும் இரண்டு என்பதால்தான் உர்சா மேஜர், உர்சா மைனர். இந்தப் பெயர்களை உருப்போட்டே பரீட்சை எழுதிய பிள்ளைகள் அன்றைக்கு அடித்த அரட்டையில் சாயா ஆறிப்போனது.

பெரியவர் விடவில்லை, சேசு சபைத் துறவிகளின் குறிக்கோள் வாசகமான 'ஆத் மாயோரெம் தேயி குளோரியாம்' எந்த வகை என்று கேட்டார். மாயோர்தான், 'இறைவனின் இன்னும் பெரிய மகிமைக்காக', அதாவது 'மிகப் பெரிய' என்று முடித்துவிடாமல் மேலே போய்க்கொண்டே இருக்கிறது. ப்ளூஸ்தான் கடைசி வரை எனக்கு உதைத்தது: ஒருமையில் அது பெயர்ச்சொல் மாதிரி நடக்கும், 'அதிகப் பணம்' என்பதை 'பணத்தின் அதிகம்', ப்ளூஸ் பெகூனியே, என்றுதான் சொல்ல வேண்டும். கணக்கில் போடும் மைனஸ் இதே மினோரின் அஃறிணை உருவம்தான் என்பதை ஏதோ துணுக்கு போலச் சொல்லிவிட்டுப் போனார்.

குறை இல்லாமல் இல்லை. ஜெராக்ஸ் நோட்ஸ் மங்கல், நெடில் குறிகள் கிடையாது, பிறகு செய்யுள் படிக்கப் போனால் அவதிதான். சார் தொடங்குவது எப்போதுமே தாமதம், கதை சொல்ல ஆரம்பித்தால் முடிப்பதும் தாமதம், கடைசி பஸ் பார்த்து வருகிறவர்கள் நடுவில் எழுந்து போக வேண்டியிருக்கிறது. வீட்டுப்பாடம் திருத்துவார், ஆனால் கேட்டால்தான்.

கட்டணம் குறைவு, மாணவர்களிடம் அதையும் பெரிதாகக் கேட்பதில்லை. மருத்துவம், நர்சிங், தாவரவியல் படிக்கிறவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், கொள்ளாம், அதாவது நல்லா இருக்கு. ஒரே மாதத்தில் லத்தீன் பேசிவிடலாம் என்று நினைத்து வருகிறவர்களுக்குச் சரிப்படாது. புதிதாகச் சேருவதானால் அடுத்த அணி தொடங்கும்போது சேருங்கள், நடுவில் நுழைந்தால் ஒன்றும் பிடிபடாது.