பூமா, காலர் மைக்கா, டப்பிங்கா? குறும்படத்தில் வசனம் பிடிக்கும் மூன்று வழிகள்

குறும்படம் எடுக்க இறங்குகிறவர்கள் கேமரா வாடகை பேசி முடித்த பிறகுதான் பெரும்பாலும் ஒலி பற்றி யோசிக்கிறார்கள். அப்போதும் "எந்த மைக் வாங்கலாம்?" என்பதுதான் கேள்வி. அதற்கு முன்பே முடிவாக வேண்டியது ஒன்று இருக்கிறது. வசனத்தை நடிகரின் தலைக்கு மேலிருந்து பிடிப்பதா, சட்டைக்குள்ளிருந்தா, அல்லது படம் முடிந்தபின் டப்பிங் தியேட்டரிலா?

மூன்றாவது வழிதான் தமிழ் சினிமாவில் நெடுநாள் பழக்கம். ஆரிஃப்ளெக்ஸ் 2சி போன்ற கேமராக்கள் ஓடும்போது தையல் மெஷின் மாதிரி கடகடக்கும். குளோசப்பில் வசனம் அதற்குள் முங்கிப்போகும். அதனால் ஸ்பாட்டில், அதாவது படப்பிடிப்பு இடத்தில், பைலட் டிராக் என்ற வழிகாட்டிப் பதிவு மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு அதைக் கேட்டு உதட்டசைவுக்குப் பேசினார்கள். கேமராக்கள் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கிய பிறகும் பழக்கம் போகவில்லை. டேக் நடுவிலேயே இயக்குநர் "திரும்பு, இப்ப பாரு" என்று குரல் கொடுப்பது அதன் மிச்சம். 2001-ல் 'லகான்', 2004-ல் 'விருமாண்டி' போன்ற படங்கள் ஸ்பாட்டிலேயே பதிவு செய்து காட்டின.

முதலில் பூம். நீளக் கம்பின் நுனியில் கன் மைக்கை (நீளக் குழாய் வடிவ மைக்) மாட்டி, ஃபிரேமுக்குச் சற்று மேலே பிடிப்பது. கன் மைக் தூரத்துப் பேச்சைக் கிட்டே இழுத்து வரும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அது எதையும் இழுப்பதில்லை. அந்த நீளக் குழாயின் பக்கவாட்டுத் துளைகள் வழியே நுழையும் பக்கத்து ஒலி ஒன்றையொன்று ஓரளவு அடித்துக் குறைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அந்த வித்தையும் உயர் அதிர்வெண்களில்தான் பலிக்கும். பஸ்ஸின் உறுமலும் ஜெனரேட்டரின் இரைச்சலும் கீழ் அதிர்வெண்கள் என்பதால் பக்கத்திலிருந்தும் வந்து ஏறிவிடும்.

சின்ன அறைக்குள் இன்னொரு சிக்கல். சுவரில் பட்டுத் திரும்பும் பேச்சு குழாயின் பக்கத்துளைகளில் நுழைந்து குரலின் தன்மையையே கெடுக்கிறது. குழாய் இல்லாமலே முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் ஹைப்பர்கார்டியாய்ட் மைக் அங்கே நன்றாக வேலை செய்யும். ஓட்டு வீட்டு முற்றத்துக்கு கன் மைக், டைல்ஸ் பதித்த ஃபிளாட் சமையலறைக்கு ஹைப்பர்கார்டியாய்ட் என்று பிரித்துக்கொள்வேன்.

எந்த மைக்கானாலும் கடைசியில் தூரம்தான் பேசும். வாயிலிருந்து இரண்டடியில் இருந்த மைக் நாலடிக்குப் போனால் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலியோ அப்படியே நிற்கும். மலிவான மைக்கை ஒன்றரை அடியில் பிடிக்கும் நல்ல பூம் ஆபரேட்டர், விலையுயர்ந்த மைக்கைக் கேமரா மேல் மாட்டிவிட்டுப் போகிறவரைச் சுலபமாக வெல்வார். அதுவும் மேலிருந்து மார்பை நோக்கிச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போது மைக்கின் பார்வையில் நடிகருக்குப் பின்னால் இருப்பது வெறும் தரைதான். கேமராவிலிருந்து நேராக நீட்டினால் பின்னாலுள்ள தெரு முழுக்க உள்ளே வரும்.

சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் ஈரப்பதமும் கணக்கில் வரும். சாதாரணக் கண்டன்சர் வகை மைக்குகளில் சில, ஈரம் ஏறினால் படபடவென்று பொரியும். சென்ஹைசர் எம்கேஎச் 416 என்ற கன் மைக் இத்தனை காலம் தாக்குப்பிடிப்பதற்கு, அதன் ரேடியோ அலைவரிசைக் கண்டன்சர் அமைப்பு ஈரத்துக்கு அசையாததும் ஒரு காரணம். வாங்க வேண்டாம், வாடகைக்கு எடுங்கள்.

காலர் மைக்கின் பலம் தூரம் மாறாதது. நடிகர் ஓடினாலும் திரும்பினாலும் கூடவே போகும். வைடு ஷாட்டில் பூம் உள்ளே வர முடியாதபோது வேறு வழியும் இல்லை. ஆனால் மார்பில் உட்கார்ந்திருப்பதால் தாடையின் மறைவில் குரலின் கூர்மை குறைகிறது. மிக்ஸிங்கில் 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றினால் தெளியும். பட்டுப்புடவையும் கஞ்சி போட்ட வேட்டி சட்டையும் இதற்கு ஜென்ம எதிரிகள், ஒவ்வொரு அசைவும் சரசரவென்று பதிவாகும். பருத்தியில் ஒளித்தால் பிழைக்கலாம். ஷாட் தூரமாக இருந்தும் குரல் மட்டும் காதோரம் கேட்கும் வினோதமும் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் செட் என்றால் வைஃபையும் அதே பட்டையில்தான். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஆளுக்கொரு போனோடு நிற்கும்போது சிக்னல் விட்டுவிட்டு வரும்.

"32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் இருக்கு, லெவல் பார்க்க வேண்டாம்" என்பது இப்போதைய பேச்சு. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை மிகப் பெரிய வீச்சில் எழுதும் பதிவு முறை அது. ரெக்கார்டருக்குள் கிளிப் ஆகாது, அதாவது சத்தம் மிஞ்சி ஒலி உடையாது, உண்மை. மைக்கிலோ டிரான்ஸ்மிட்டரிலோ ஒலி அதற்கு முன்பே உடைந்திருந்தால் ரெக்கார்டர் உடைந்ததை உடைந்தபடி பத்திரமாக எழுதிக்கொடுக்கும்.

டப்பிங்கை மலிவு என்று சொல்பவர்கள் குரலுக்கான கணக்கை மட்டும் போடுகிறார்கள். ஸ்பாட் ஒலியைத் தூக்கியெறிந்த பிறகு காலடி, வளையல், பாத்திரம் வைக்கும் சத்தம், துணி உரசல் எல்லாவற்றையும் ஃபோலியில், அதாவது படத்தைப் பார்த்துக்கொண்டே கையால் சத்தம் எழுப்பிப் பதிவதில், புதிதாகச் செய்ய வேண்டும். அறையின் எதிரொலியைச் சேர்க்க வேண்டும். (ஸ்பாட்டில் ஒரு பலூனை உடைத்துப் பதிந்து வைத்திருந்தால் கன்வல்யூஷன் ரிவெர்ப் அந்த அறையையே திருப்பித் தரும். யாரும் செய்வதில்லை.) படம் வேறு மொழிக்குப் போகும் என்றால் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அங்கே வசனம் இல்லாத ஒலித்தடம் தனியாகத் தேவை. டப்பிங் படத்துக்கு அது தயாராக இருக்கும். ஸ்பாட்டிலேயே வசனம் பதிந்த படத்துக்கு வசனத்தோடு ஒட்டிய சத்தங்களை எப்படியும் மறுபடி உண்டாக்கியாக வேண்டும்.

பணத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. திருநெல்வேலிக்காரர் ஒருவர் பேச்சுக்கு நடுவே "ம்" கொட்டுவதும், நாக்கைத் தட்டி "ச்சு" என்பதும், மூச்சை உள்ளிழுத்து நிறுத்துவதும் ஸ்பாட்டில் தானாக வரும். டப்பிங் தியேட்டரில் எழுதிய வசனம் மட்டும்தான் வரும், மற்றதை நினைவூட்டி வாங்க வேண்டும். தொழில்முறை நடிகர் தருவார், முதல்முறை நடிப்பவர் திணறுவார். குறும்படங்களில் முக்கால்வாசிப் பேர் முதல்முறைதான்.

ஆகவே என் தேர்வு பூம். முடிந்தால் காலர் மைக்கைத் தனித்தடத்தில் காப்பாக ஓடவிடுவேன். பூமுக்கு ஆளே கிடைக்காத இரண்டு பேர் யூனிட் என்றால் காலர் மைக்கை முதன்மையாக்கிக்கொள்ளலாம், அதில் வெட்கமில்லை. லொக்கேஷன் பார்க்கப் போகும்போதே கண்ணை மூடி ஒரு நிமிடம் கேட்டுவிடுங்கள். ஃபேனை அணைக்க நடிகர்கள் சம்மதிப்பார்களா என்பதையும் மே மாதத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ஃபிரிட்ஜை அணைத்தால் வண்டிச்சாவியை அதற்குள் போட்டு வைப்பது பழைய தந்திரம், திரும்ப ஆன் செய்யாமல் வீட்டுக்குப் போக முடியாது.

பைக்கில் இருவர் பேசிக்கொண்டு போகும் காட்சி, மெயின் ரோட்டு டீக்கடை, கடற்கரைக் காற்று. இந்த மூன்றிலும் பிடிவாதம் பிடிக்காமல் டப்பிங்குக்குப் போகலாம். தியேட்டர் வரை காத்திருக்கவும் வேண்டாம். ஷாட் முடிந்த கையோடு, நடிகர்களின் மூச்சு வேகம் அடங்குவதற்குள், ஓரமாக நிற்கும் காருக்குள் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றி, ஏசியை அணைத்து, அதே மைக்கில் அதே வசனத்தை இரண்டுமுறை பேசவைத்து வாங்கிவிடுங்கள்.