கெடி லீயின் தன்வரலாறு: நீண்ட நாள் வாசிப்புக்குப் பின் ஒரு முறைப்பாடு

கனடாவின் ரஷ் என்ற ரொக் இசைக்குழு 2026இல் மீண்டும் மேடையேறும் என்ற அறிவிப்பு 2025 ஒக்டோபரில் வெளிவந்த பிறகு, அக்குழுவின் பேஸ் கிட்டார் கலைஞரும் பாடகருமான கெடி லீ எழுதிய தன்வரலாற்றை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டனர். அவர்களுள் ஒருவர் வெள்ளவத்தையில் என்னோடு ஒரே குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கும் நண்பர் என்பதால், வாயால் சொல்லி முடிக்க முடியாத பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். 2023 நவம்பரில் வெளிவந்த அந்நூலின் கடின அட்டைப் பிரதியை ஸ்காபரோவில் வசிக்கும் என் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். தலைப்பு ‘மை எஃபின் லைஃப்’ என்பதாலும், அதன் நடுச்சொல் ஓர் ஆங்கிலக் கெட்ட வார்த்தையின் மழுப்பல் வடிவம் என்பதாலும், வீட்டில் ஆங்கிலம் நன்கு தெரிந்த பெரியவர்கள் இருப்பதாலும், பழுப்புத் தாளில் உறை போட்டுத்தான் அதைப் பயன்படுத்தி வருகிறேன். கடற்காற்றில் தாள்களின் ஓரம் மங்கத் தொடங்கிவிட்டதைத் தவிர, நூலின் கட்டமைப்பைப் பற்றி எனக்குக் குறையேதுமில்லை. குறை உள்ளடக்கத்தில்தான் இருக்கிறது.

இந்நூலைப் பற்றி இரசிகர்கள் பேசும் விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் என் எரிச்சலின் ஒரு பங்கு அவர்களுக்கும் உரியது. நூல் வெளியானதையொட்டி வட அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் அரங்குகளில் அவர் தோன்றி வாசித்தும் உரையாடியும் சென்றார். இசை நிகழ்ச்சிக்குத் திரள்வதுபோல் மக்கள் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே திரண்டார்கள். நூலாசிரியரின் குரலிலேயே பதிவான ஒலிநூலைக் கேட்டுவிட்டு, அச்சுப் பிரதியையும் வாங்கி, இரண்டையும் மாறி மாறிப் புகழ்பவர்கள் கொழும்பிலும் இருக்கிறார்கள். மனந்திறந்து எழுதியிருக்கிறார், சிரிக்க வைக்கிறார், குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட்டின் மறைவைச் சொல்லும் இடத்தில் அழ வைக்கிறார் என்ற மூன்று வாக்கியங்களையும் எல்லோரும் ஒரே வரிசையில் சொல்கிறார்கள். மூன்றும் உண்மை. ஆனால் பேஸ் கிட்டார் எங்கே என்று கேட்டால், இவன் எதையும் இரசிக்கத் தெரியாதவன் என்பதுபோல் பார்க்கிறார்கள்.

கேள்வியை விளக்கமாகவே கேட்கிறேன். ஒரே நேரத்தில் உச்சக் குரலில் பாடிக்கொண்டு, அந்தப் பாட்டின் ஓட்டத்துக்குச் சற்றும் ஒத்துப்போகாத பேஸ் வரியை விரல்களால் வாசித்துக்கொண்டு, தரையில் வைத்த டோரஸ் மிதிகளைக் கால்களால் மிதித்துக் கீழ்ச்சுரங்களை எழுப்பிக்கொண்டு, இடையில் சிந்தசைசரின் பக்கமும் திரும்பி வாசிக்கின்ற ஒரு மனிதர், அந்த நான்கு வேலைகளையும் தன் உடலுக்கு எப்படிப் பழக்கினார் என்பதை அறியத்தான் என்னைப் போன்ற ஒருவன் இத்தகைய நூலைத் திறக்கிறான். நாங்கள் கொழும்பின் திருமண மண்டபங்களில் பைலாவின் ஆறெட்டுத் தாளத்தில் இரவு முழுதும் வாசிப்பவர்கள். அந்தத் தாளம் தூக்கத்திலும் விரலில் ஓடும். 1981இல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ தொகுப்பின் ‘வை வை இசட்’ என்ற இசைக்கோவையோ ரொறன்ரோ விமான நிலையத்தின் குறியீட்டை மோர்ஸ் தந்தி ஒலியாக்கி, அதன் நெடில் குறில்களையே பத்தெட்டுத் தாளமாக நிறுத்தித் தொடங்குகிறது. அதே தொகுப்பில் உள்ள ‘டொம் சோயர்’ பாடலின் இடைப்பகுதி ஏழில் நடக்கிறது. மிருதங்க வகுப்பில் சில ஆண்டுகள் இருந்த காதுக்கு மிச்ர சாபு அந்நியமன்று. ஆனால் அதன்மேல் பேஸ் எங்கே விழுகிறது, எங்கே விலகுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஒலிநாடாவை மீண்டும் மீண்டும் சுற்றிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். அதைச் செய்தவரே எழுதிய ஐந்நூறு பக்க அளவிலான நூலில் அதற்கொரு முழு அத்தியாயத்தை எதிர்பார்ப்பது பேராசையாக எனக்குத் தோன்றவில்லை.

கிடைப்பதெல்லாம் அங்கொன்றும் இங்கொன்றுமான துணுக்குகள்தாம். ஜாக் புரூஸ், ஜோன் என்ட்விசில், கிறிஸ் ஸ்குவயர் ஆகிய பேஸ் கலைஞர்கள்மீது அவருக்கு இருந்த பற்று தெரிந்ததுதான். முதற்காலத்து ரிக்கன்பக்கர் 4001ஐயும், அமெரிக்காவின் கலமசூ நகரில் அடகுக்கடை ஒன்றில் இருநூறு டொலருக்கு வாங்கிய 1972ஆம் ஆண்டு ஃபெண்டர் ஜாஸ் பேஸையும் பற்றி இரசிகர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த இரண்டு கருவிகளுக்கும் இடையே வலக்கையின் அழுத்தம் எப்படி மாறியது, பாடுவதற்காக எந்தச் சுரங்களை விட்டுக்கொடுத்தார் என்பவற்றைத்தான் நான் தேடினேன். சமையற்காரர் ஒருவர் நம்மை வீட்டுக்கு அழைத்துக் குடும்பப் படங்கள் அனைத்தையும் காட்டிவிட்டு, குசினிக் கதவை மட்டும் சாத்தியே வைத்திருப்பது போன்றது இது. நியாயமாகப் பேசினால், அவர் தன் பேஸ் சேகரிப்பைப் பற்றி 2018இலேயே தனியாக ஒரு பெரிய படநூலை வெளியிட்டுவிட்டார். இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கருவிகள் அதில் உள்ளன. ஒருமுறை எழுதியதை மறுபடி எழுத விரும்பாதது அவர் உரிமை. எனினும் அந்நூல் கருவிகளைப் பற்றியது. நான் கேட்பது கைகளைப் பற்றி.

இவ்வளவு கோபத்தோடு இருக்கும் ஒருவன் ஏன் அந்நூலைத் திரும்பத் திரும்ப எடுக்கிறான் என்று நண்பர் கேட்கக்கூடும். அதற்குக் காரணம் பெற்றோரைப் பற்றிய நீண்ட அத்தியாயம். ரொக் இசைக்காரர் ஒருவரின் நூலில் அப்படி ஒன்று இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவருடைய தாயும் தந்தையும் போலந்து நாட்டு யூதர்கள். நாட்சிகளின் ஆட்சியில், பதின்ம வயதில், ஸ்டாரஹோவிட்சே கட்டாய உழைப்பு முகாமில் ஒருவரையொருவர் கண்டவர்கள்; பின்னர் அவுஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள். அங்கிருந்து பிரிக்கப்பட்டுத் தாய் பேர்கன்-பெல்சனிலும் தந்தை டகாவிலும் அடைக்கப்பட்டனர். போர் முடிந்தபின் தந்தை தேடிச் சென்று தாயைக் கண்டுபிடித்தார். பேர்கன்-பெல்சனிலேயே மணந்துகொண்டு, கனடாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1953இல் மகன் பிறந்தான். முகாம் வாழ்க்கை சிதைத்த உடலோடு வாழ்ந்த தந்தை, மகனுக்குப் பன்னிரண்டு வயதானபோது இறந்தார். யூத மரபின்படி மகன் ஏறக்குறைய ஓர் ஆண்டுக்காலம் காலையும் மாலையும் தொழுகைக்கூடம் சென்று, தந்தைக்காகச் சொல்ல வேண்டிய பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் இசையும் கூடாது. துடக்கும் ஆண்டுத் திவசமும் கண்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு இதை விளங்கிக்கொள்ள அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

கணவர் நடத்திய பலசரக்குக் கடையைத் தாய் பொறுப்பேற்று, மூன்று பிள்ளைகளை வளர்த்தார். ரொறன்ரோவுக்கு வடக்கே நியூமார்க்கெட் என்ற ஊரில் இருந்த அந்தக் கடையில், ரஷ் குழுவின் முதல் இசைத்தட்டு 1974இல் வந்தபோது சுவரெங்கும் அதன் சுவரொட்டிகளை ஒட்டி, காசில்லாத பிள்ளைகளுக்கு இசைத்தட்டை இலவசமாகவே கொடுத்தாராம். மகன் முடி வளர்த்து, படிப்பை விட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போனதை விரும்பாத தாய் அவர். அதே தாய்தான் கடைச் சுவரை மகனுக்காகக் கொடுத்தார். காலி வீதியில் கடை வைத்து, மகன் கணக்காளராக வேண்டும் என்று காத்திருந்த எத்தனையோ பெற்றோரை நான் அறிவேன். அவர்களுள் சிலர் மகனின் நிகழ்ச்சிக்குச் சத்தமில்லாமல் வந்து பின்வரிசையில் அமர்ந்துவிட்டுப் போனதையும் அறிவேன்.

முகாமில் கண்டதைத் தாய் பிள்ளைகளிடம் ஒளிக்காமல் பேசினார் என்பதுதான் என்னை மிகவும் நிறுத்தி வைத்த செய்தி. எங்கள் வீடுகளில் 1983ஐப் பற்றிப் பெரியவர்கள் அப்படிப் பேசுவதில்லை. எந்த வீட்டில் ஒளிந்திருந்தார்கள், எந்தக் கப்பலில் வடக்கே போனார்கள் என்பதெல்லாம் வேறொரு பேச்சின் நடுவே அரை வாக்கியமாக வந்து, தேநீர் கேட்பதோடு நின்றுவிடும். இரண்டு வரலாறுகளையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமன்று. அவற்றின் அளவும் தன்மையும் வேறு. ஆனால் ரொறன்ரோவின் புறநகரில் வளர்ந்த ஒரு பிள்ளை, பெற்றோர் இழந்த ஊரைக் கேள்விப்பட்ட பெயர்களாக மட்டுமே சுமந்துகொண்டு கிட்டார் பழகும் கதையை, இந்நூலைக் கொண்டுவந்து தந்த என் மச்சானின் பிள்ளைகளும் தங்கள் கதையாகவே வாசிப்பார்கள். இரசிகர்களின் புகழுரைகளில் இந்த அத்தியாயத்துக்குப் பெரும்பாலும் ஒரு வாக்கியம்தான் கிடைக்கிறது. உருக்கமானது என்று சொல்லிவிட்டு உடனே பேருந்துப் பயணக் குறும்புகளுக்குத் தாவிவிடுகிறார்கள்.

தாயின் அனுபவத்திலிருந்து ஒரு பாடலும் பிறந்தது. 1984இல் வெளியான ‘கிரேஸ் அண்டர் பிரஷர்’ தொகுப்பில் உள்ள ‘ரெட் செக்டர் ஏ’ அது. விடுதலை வந்தபோது, வெளியுலகமே அழிந்திருக்கும், எஞ்சியவர்கள் தாங்கள் மட்டுமே என்று நம்பியிருந்ததாகத் தாய் சொன்னதை மகன் நண்பரிடம் சொல்ல, நீல் பியர்ட் அதைப் பாடலாக எழுதினார். அந்தப் பாடலில் பேஸ் கிட்டார் இல்லை. கீழ்ச்சுரங்கள் முழுவதையும் சிந்தசைசர் ஏற்றுக்கொண்டது. தன் குடும்பத்தின் மிக ஆழமான நினைவைப் பாடும் இடத்தில் ஒரு பேஸ் கலைஞர் தன் கருவியைக் கீழே வைத்தார் என்பதை அறிந்தபின் அப்பாடலை வெறுமனே கேட்க என்னால் முடிவதில்லை. எனக்கு வேண்டியிருந்த அத்தியாயம் இங்கிருந்தே தொடங்கியிருக்கலாம். கை ஏன் விலகியது, அவ்விடத்தில் நிலவும் வெறுமையை அவர் வேண்டுமென்றே விட்டாரா, எண்பதுகளின் சிந்தசைசர் மோகம் மட்டுமே காரணமா என்று ஒரு பக்கமாவது எழுதியிருந்தால் இந்த முறைப்பாட்டை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மற்றப் பகுதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். இசைத்தொகுப்பு, சுற்றுப்பயணம், மறுபடியும் இசைத்தொகுப்பு என்ற சுழற்சி நடுப்பகுதியில் களைப்பூட்டுகிறது. அதைத் தாண்டித் தாண்டி வாசிப்பதில் பிழையில்லை. கொக்கெயின் பயன்படுத்திய காலத்தை மறைக்காமல் எழுதியிருப்பதற்கு மதிப்பளிக்கிறேன். பேஸ்பால், திராட்சை இரசம் ஆகியவற்றில் அவருக்குள்ள ஈடுபாட்டை என்னால் பகிர்ந்துகொள்ள இயலவில்லை. குழுவின் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனோடு பள்ளிப் பருவத்திலிருந்து தொடரும் நட்பைச் சொல்லும் பகுதிகள் இனியவை. இருவரும் ஒருவரையொருவர் கிண்டல் செய்யும் தொனி நம்மூர்ச் சந்தித் திண்ணைப் பேச்சுக்கு மிக நெருங்கியது.

நீல் பியர்ட் பற்றிய இறுதிப் பகுதியை இரசிகர்கள் மிகையாகப் புகழவில்லை. 1997இல் மகளையும் மறு ஆண்டில் மனைவியையும் இழந்து, மீண்டும் குழுவுக்குத் திரும்பிய மனிதர் அவர். குழுவின் கடைசி நிகழ்ச்சி 2015 ஆகஸ்டு முதலாந் திகதி லொஸ் ஏஞ்சலிஸ் ஃபோரம் அரங்கில் நடந்தது. மறு ஆண்டில் பியர்ட்டுக்கு மூளைப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் அதை வெளியில் விடாமல் காத்து, 2020 ஜனவரி 7இல் இறந்தார். நண்பரின் விருப்பத்துக்காக எல்லோரிடமும் உண்மையை மறைக்க வேண்டியிருந்த சுமையைக் கெடி லீ எழுதும் பக்கங்களில், ஆசிரியரின் நகைச்சுவை முழுவதும் நின்றுவிடுகிறது. நோய்ச் செய்தி வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது என்று நினைக்கும் நமக்கு, அந்த மறைப்பின் நெருக்கடியும் அதிலுள்ள அன்பும் சேர்ந்தே புரியும்.

முடிவு குலைந்துபோன நூல் என்றும் சொல்லலாம். அது ஆசிரியரின் குற்றமன்று. எல்லாம் முடிந்துவிட்டது என்ற துயரத்தில் நின்று எழுதிய பக்கங்களை, ஜெர்மானியப் பெண் கலைஞரான அனிகா நில்லெஸ் ட்ரம்ஸ் வாசிக்க, அதே ஃபோரம் அரங்கிலிருந்து 2026 ஜூனில் பயணம் தொடங்குவதாக அறிவித்த செய்திக்குப் பிறகு வாசிப்பவர், பிரியாவிடையை வாசிக்கும் மனநிலையில் இருக்க மாட்டார்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம். இன்றைய ரூபாய் மதிப்பில் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றின் விலைக்கு இரண்டு சோடி நல்ல ட்ரம்ஸ் குச்சிகள் வந்துவிடும். கையைப் பற்றி ஒன்றும் கற்றுத்தராத நூலுக்கு அவ்வளவு கொடுப்பது வீண். பெற்றோர் அத்தியாயத்தை மட்டும் என் பிரதியில் வாசிக்கட்டும். உறையைக் கழற்றாமல், என் வீட்டு முன்விறாந்தையில் இருந்தே வாசிக்கட்டும். இரவல் கொடுக்க நான் தயாரில்லை. 2018ஆம் ஆண்டின் பேஸ் படநூலை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தார். அது இதைவிடப் பாரமானது, இதைவிட விலை கூடியது. யாராவது அடுத்த விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து வருவதாயிருந்தால் எனக்கும் ஒரு சொல் சொல்லட்டும்.