அடியிறக்கத்துக்கு ஒரு சிலிக்கோன் வளையம்: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

கீழிறங்கிய கருப்பையைத் தாங்குவதற்காக யோனிக்குள் அணிந்துகொள்ளும் பெசரி வளையத்தை நான் வாங்கி, வருகிற கார்த்திகையோடு இரண்டு ஆண்டுகள் நிறைகின்றன. மிக்சி வாங்கினாலும் மெத்தை வாங்கினாலும் நாலு பேர் எழுதியதைப் படித்துவிட்டு முடிவெடுக்கும் நாம், இந்தப் பொருளை மட்டும் ஒருவரிடமும் விசாரிக்காமல் வாங்கி, பொட்டலத்தைக் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அப்போது படிக்க ஏதாவது கிடைத்திருந்தால் எனக்கு மூன்று மாத அவதி மிச்சமாகியிருக்கும் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன். வளையம் நல்ல பொருள். ஆனால் அதை நம் கையாலேயே கழற்றவும் மாட்டவும் கற்றுத் தராத இடத்தில் பொருத்திக்கொண்டால், கொடுத்த காசுக்குப் பாதிப் பொருள்தான் வந்து சேர்கிறது.

எனக்கு வயது 62. மூன்றும் சுகப்பிரசவம், மூத்தவன் பிறக்கும்போது நாலு கிலோ. மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் கழித்து, மாலை நேரங்களில் கோழிமுட்டையின் மேல் உட்கார்ந்திருப்பது போன்ற ஓர் உணர்வு தொடங்கியது. காலையில் எழும்போது அது இருக்காது. குடம் தூக்கி, துணி துவைத்து, நின்றபடியே சமைத்து முடித்துப் பொழுது சாயும்போது அடிவயிற்றிலிருந்து ஒரு கனம் இறங்கி வந்து நிற்கும். சிறுநீர் கழித்து எழுந்த பிறகும் மிச்சம் இருப்பதாகத் தோன்றும். முன்னால் நன்றாகக் குனிந்தால்தான் முழுதாகப் போகும். ஒருநாள் குளிக்கும்போது கையிலேயே தட்டுப்பட்டது. என் பாட்டி காலத்தில் இதை 'அடி இறங்கிவிட்டது' என்பார்கள். அதற்கு மேல் பேச்சு இருக்காது. பரிசோதித்த மருத்துவர், கருப்பை இரண்டாம் நிலைக்கு இறங்கியிருப்பதாகவும், சிறுநீர்ப்பையும் யோனியின் முன்சுவரைத் தள்ளிக்கொண்டு கூடவே இறங்கியிருப்பதாகவும் சொன்னார்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்பதுதான் முதலில் வந்த யோசனை. எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பது ஒரு தயக்கம். படுத்த படுக்கையாக இருந்த மாமியாரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டிய நிலையில் பல வாரங்கள் ஓய்வெடுப்பது நடவாது என்பது இன்னொன்று. அதைவிட முக்கியமாக, இறங்கியது பை என்றாலும் தளர்ந்தது அதைத் தாங்கிப் பிடித்திருந்த தசைகளும் திசுக்களும்தான் என்பதையும், பையை எடுத்த பிறகும் யோனியின் மேல்முனை பின்னாளில் இறங்கிவிடக்கூடும் என்பதையும் இன்னொரு மருத்துவர் விளக்கினார். அறுவை சிகிச்சையைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் சூழ்நிலையில் அதைத் தள்ளிப்போட ஒரு வழி தேவைப்பட்டது. பெசரி அந்த வழியாக இருந்தது.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. பண்டைக் கிரேக்க மருத்துவ நூல்களில் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கச் செய்யும் முறை குறிப்பிடப்பட்டிருக்கிறது. மாதுளை உரிக்கும்போதெல்லாம் அந்த நினைவு வந்து தொலைக்கிறது. பின்னாளில் தக்கையிலும் உலோகத்திலும் ரப்பரிலும் செய்தார்கள். இப்போது பெரும்பாலும் மருத்துவத் தரச் சிலிக்கோன்தான். ரப்பரைப் போல நாற்றத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளாது, நன்றாக மடியும், ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஒத்துவரும். சில நூறு ரூபாய்க்கு வெள்ளை நிறத்தில் கிடைக்கும் பி.வி.சி. வளையங்களும் உண்டு. அவை விறைப்பானவை, சில மாதங்களுக்கு ஒருமுறை எறிந்துவிட்டுப் புதிது வைக்க வேண்டியவை. சிலிக்கோன் வளையம் அதைப் போலப் பல மடங்கு விலை என்றாலும் கழுவிக் கழுவி ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தலாம் என்பதால், கணக்குப் பார்த்தால் அதுவே சிக்கனம்.

என்னுடையது நடுவில் துளைகளுள்ள மெல்லிய சவ்வோடு கூடிய வளையம். சிறுநீர்ப்பையும் இறங்கியிருப்பவர்களுக்கு அந்தச் சவ்வு முன்சுவரை ஏந்திப் பிடிக்கிறது. வேறு வடிவங்களும் உள்ளன. காளான் போலத் தண்டு வைத்த கெல்ஹார்ன் என்பது இறக்கம் அதிகமாக இருப்பவர்களுக்கு. கழற்றுவது கடினம், பொருத்தியிருக்கும்போது தாம்பத்திய உறவும் முடியாது. கனசதுர வடிவப் பெசரி சுவர்களை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு நிற்பதால் அதை இரவுதோறும் எடுத்தாக வேண்டும். வளையத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. உறவின்போதுகூட உள்ளேயே இருக்கலாம், விருப்பமில்லாவிட்டால் எடுத்து வைத்துவிடலாம் என்று செவிலியர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்றாலும் அவர் சொன்னது நல்லதே.

முதலில் நான் போன இடத்தின் பெயரை எழுதப் போவதில்லை. ஐந்து நிமிடங்களில் மூன்றாம் எண் வளையத்தை வைத்துவிட்டு, 'ஆறு மாதம் கழித்து வாங்கம்மா' என்று அனுப்பிவிட்டார்கள். எழுந்து நடக்கச் சொல்லவில்லை, இருமச் சொல்லவில்லை, சிறுநீர் வருகிறதா என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் காலை கழிப்பறையில் குந்தி உட்கார்ந்து சற்று முக்கியபோது அது நழுவிக் கீழே விழுந்தது. திரும்பிப் போனபோது ஐந்தாம் எண்ணை வைத்தார்கள். அது விழவில்லை, ஆனால் இடுப்பெலும்பை உள்ளிருந்து யாரோ நெம்புவது போல இருந்தது, சிறுநீரும் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. எனக்கே கழற்றத் தெரியாததால், அதை எடுப்பதற்காக மட்டுமே இரவு பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்து ஓட வேண்டியதாயிற்று. பெசரி எனக்குச் சரிப்படாது என்று அன்றே முடிவு கட்டியிருப்பேன். என் மகள்தான் விடவில்லை.

இரண்டாவது இடத்தில் பொருத்துவதற்கே ஏறத்தாழ ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். மருத்துவர் விரல்களால் அளந்து, நான்காம் எண்ணை, அதாவது 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையத்தை வைத்தார். வளையத்துக்கும் சுவருக்கும் நடுவே சுற்றிலும் ஒரு விரல் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு தாழ்வாரத்தில் நடக்கவும், படி ஏறி இறங்கவும், குந்தி உட்கார்ந்து முக்கவும், இருமவும் சொன்னார்கள். கழிப்பறைக்குப் போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு வந்த பிறகுதான் கிளம்ப விட்டார்கள். வளையம் சரியான அளவில் இருந்தால் அது உள்ளே இருப்பதே தெரியக் கூடாது. தெரிந்தால் அளவு தவறு. முதல் முயற்சியிலேயே அளவு பொருந்திவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. கண்ணாடிக் கடையில் நாலு கண்ணாடியை மாட்டிப் பார்ப்பதைப் போலத்தான் இதுவும்.

அன்று கிடைத்த பெரும் சொத்து, செவிலியர் சொல்லிக் கொடுத்த பாடம். வளையத்தின் இரு பக்கமும் மடியும் இடங்கள் உண்டு; அங்கே மடித்தால் மடித்துப் போட்ட தோசை போலப் பாதியாகிவிடும். நுழையும் முனையில் மட்டும் நீரில் கரையும் வழவழப்பான ஜெல்லைத் தடவ வேண்டும். முழுவதும் தடவினால் விரலிலிருந்து வழுக்கிக்கொண்டு சுவரில் போய் ஒட்டும், எனக்கு இரண்டு முறை அப்படி ஆயிற்று. ஒரு காலை முக்காலியின் மேல் வைத்து நின்றபடியோ, முழங்காலை மடக்கிப் படுத்தபடியோ, மேல்நோக்கி அல்லாமல் முதுகின் வால் எலும்பை நோக்கிச் சாய்வாகத் தள்ள வேண்டும். உள்ளே போனதும் அது தானே விரிந்துகொள்ளும். அப்போது கால் வட்டம் திருப்பிவிட்டால் மடியும் பக்கம் வாசலை நோக்கி நிற்காது, எளிதில் நழுவாது. கழற்றும்போது ஓரத்தில் விரலைக் கொக்கி போல மாட்டி, கொஞ்சம் முக்கிக்கொண்டே கீழ்நோக்கி இழுக்க வேண்டும். முதல் வாரம் எனக்கு விரல் எட்டவே இல்லை, அழுகையே வந்துவிட்டது. பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை வளையத்தில் முடிந்துகொள்ளச் சொன்னார் செவிலியர். அந்த நூல் ஒரு மாதம் எனக்குத் துணையாக இருந்தது, இப்போது தேவைப்படுவதில்லை.

வாரத்தில் ஒருநாள் வெள்ளி இரவு எடுத்து, சாதாரண சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவித் துடைத்து, மூடியுள்ள ஒரு சோப்பு டப்பாவில் வைத்துவிட்டு, காலையில் மாட்டிக்கொள்கிறேன். கொதிக்க வைப்பதோ டெட்டாலில் ஊறப்போடுவதோ தேவையில்லை. குந்தும் கழிப்பறை உள்ள வீடுகளில் மலச்சிக்கல் ஒன்றே இந்த வளையத்தின் முதல் எதிரி. கீரையும் தண்ணீரும் கூட்டிய பிறகு, முக்கும்போது ஒரு விரலால் வளையத்தை உள்ளே தாங்கிப் பிடிக்கும் வழக்கமும் வந்த பிறகு, அது ஒருமுறைகூட விழவில்லை. இடுப்பின் அடித்தளத் தசைகளை இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சியையும் செய்யச் சொன்னார்கள். செய்கிறேன், ஆனால் ஒழுங்காகச் செய்வதாகச் சொல்ல மாட்டேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. வெள்ளைப்படுவது முன்பைவிட அதிகம். நிறமும் வாடையும் மாறாதவரை அது இயல்பு என்கிறார்கள். துர்நாற்றமோ இரத்தமோ வந்தால் உடனே போக வேண்டும். எனக்கு எட்டாவது மாதத்தில் துணியில் இலேசாக இரத்தக் கறை பட்டது. மாதவிடாய் நின்றவர்களுக்குச் சுவர் மெலிந்து உலர்ந்திருப்பதால் வளையம் அழுத்திய இடத்தில் புண்ணாகியிருந்தது. மூன்று வாரம் வளையத்தை எடுத்து வைத்து, ஈஸ்ட்ரியால் என்ற பெண் ஹார்மோன் கலந்த களிம்பை உள்ளே தடவி ஆற்றினார்கள். அன்று முதல் வாரம் இருமுறை அந்தக் களிம்பு நிரந்தரமாகிவிட்டது. மருத்துவரைக் கேட்காமல் அதை வாங்கிப் போடக் கூடாது, குறிப்பாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள். இன்னொரு விசித்திரம்: வளையம் போட்ட பிறகு தும்மினால் சிறுநீர் கசியத் தொடங்கியது. இறங்கிய சிறுநீர்ப்பை இதுவரை சிறுநீர்க் குழாயை மடக்கி வைத்திருந்ததாகவும், அது நிமிர்ந்ததும் மறைந்திருந்த கசிவு வெளிப்பட்டதாகவும் விளக்கம் கிடைத்தது. எனக்கு அது கொஞ்சம்தான். அதிகமாக இருப்பவர்களுக்குச் சிறுநீர்க் குழாயைத் தாங்கும் குமிழ் வைத்த வளையமே தனியாக இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு இது சமமா என்று கேட்டால், சமம் என்று சொல்ல என்னால் முடியாது. நெதர்லாந்தில் 440 பெண்களை இரு பிரிவாக்கி இரண்டு ஆண்டுகள் பார்த்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், பெசரியில் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 76 பேரும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 81-க்குச் சற்று அதிகமானோரும் நலம் கண்டதாகக் கூறினார்கள். பெசரி பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் இடையிலேயே அறுவை சிகிச்சைக்கு மாறிவிட்டார்கள். அந்தப் பாதியில் ஒருத்தியாக நானும் ஆகலாம். என் மனத்துக்கு நெருக்கமானது பிரிட்டனில் 340 பெண்களிடம் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு. தாமே கழற்றி மாட்டிக்கொண்டவர்களின் வாழ்க்கைத் தரம், மருத்துவமனைக்குப் போய் மாற்றிக்கொண்டவர்களுடையதைவிடக் குறையவில்லை. தொல்லைகளோ குறைவாக இருந்தன. வெள்ளிக்கிழமை சோப்பு டப்பாவின் அருமை தெரிந்த எனக்கு அது வியப்பாக இல்லை.

கைவிரல் மூட்டுவலி கடுமையாக உள்ளவர்களும், மறதி நோய் தொடங்கியவர்களும், உதவிக்கு ஆள் இல்லாமல் இதைப் பொருத்திக்கொள்ள வேண்டாம். வைத்ததை மறந்துபோய் ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் சதைக்குள் புதைந்து, சிறுநீர்ப்பையிலோ மலக்குடலிலோ ஓட்டை விழும் அளவுக்குப் போகக்கூடும். நான் இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போகிறேன். 'உள்ளே சிலிக்கோன் வளையம், நான்காம் எண்' என்று எழுதிய சீட்டு ஆதார் அட்டையின் பின்னால் இருக்கிறது. கழற்றும் விதத்தை மகளுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். 'இதையெல்லாம் ஏம்மா இப்போ' என்றாள். ஆனால் கடைசி வரை கேட்டாள்.