ஒற்றைச் சாளரக் கட்டட அனுமதி: மலையேறும்போது மூச்சு வாங்குகிறது

தமிழக அரசின் ஒற்றைச் சாளரக் கட்டட அனுமதி இணையதளத்தைச் சென்னைக்காரர்கள் புகழ்வதில் நியாயம் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறைப்படி, 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ, அதற்கு மேல் ஒரு மாடியோ கட்டலாம். ஆவணங்களை ஏற்றிப் பணம் கட்டியதும் கியூஆர் குறியீட்டோடு அனுமதி வந்துவிடுகிறது. கள ஆய்வுக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பணி முடிப்புச் சான்றும் கேட்பதில்லை. ஆவடியிலோ மேடவாக்கத்திலோ ஒரு சமதள மனைக்கு இது அருமையான ஏற்பாடு. அங்கே ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம்.

குன்னூரிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ திறந்தால் கதை வேறு. 2,500 சதுர அடி என்பது நம் கணக்கில் அஞ்சே முக்கால் சென்ட். இங்கே வீட்டுமனைகள் பலவும் அதற்குள் அடங்கும் என்பதால், ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று நம்பி இறங்குகிறவர்கள் அதிகம். ஆனால் மலைப்பகுதிக் கட்டடங்களைக் கவனிக்க, ஹாக்கா என்று எல்லோரும் சொல்லும் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் 1990-லிருந்து இருக்கிறது. உங்கள் கிராமம் அதன் பட்டியலில் இருந்தால், மனை சின்னது என்ற ஒரே காரணத்தால் மலைவிதிகள் விலகிவிடாது. பெரிய கட்டடம், மனைப்பிரிவு என்று போனால் வனத்துறை, புவியியல் சுரங்கத் துறை, வேளாண் பொறியியல் துறை எல்லாம் கருத்துச் சொல்ல வேண்டும். சாளரம் ஒன்றுதான், அதற்குப் பின்னால் கதவுகள் ஏகப்பட்டது. எந்தக் கதவு உங்களுக்குப் பொருந்தும் என்று முதல் பக்கத்திலேயே புல எண்ணை வைத்துச் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும். அதுவரை, வரைபடத்துக்குச் செலவு செய்யும் முன் நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் புல எண்ணைக் காட்டிக் கேட்டுவிடுவது நல்லது.

பட்டா, புலப்படம், பத்திரம், வில்லங்கச் சான்று இவை எல்லா ஊருக்கும் பொது. மலையில் தனியாக வரும் வம்பு அளவில் இருக்கிறது. டேப்பைச் சரிவோடு படுக்கவைத்து இழுத்தால் நீளம் கூடுதலாகக் காட்டும். மூணு அடிக்கு ஒரு அடி இறங்கும் மனையில் சரிவோடு 60 அடி என்றால், கிடைமட்டமாக 57 அடிதான் தேறும். புலப்படத்தில் இருப்பது கிடைமட்ட அளவு. இந்த மூணு அடியைக் கவனிக்காமல் வரைந்தால் பின்பக்கம் விடவேண்டிய இடைவெளி குறைந்து உதைக்கும், விண்ணப்பம் திரும்பி வரும். இன்னொரு குழப்பம் சரிவைக் குறிப்பது. மூணுக்கு ஒன்று என்பது 33 சதவீதம், ஆனால் சுமார் 18 டிகிரி. சதவீதத்தை டிகிரி என்று எழுதிவிட்டால் கட்டக்கூடிய மனையும் காகிதத்தில் பாறைச் செங்குத்தாகிவிடும். சம உயரக் கோடுகளை ஒரு மீட்டர் இடைவெளியில் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கண்மதிப்பில் போட்ட கோடுகள் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

உயரத்துக்கு, 1993 மலைவாசத்தலக் கட்டட விதிகள் வைத்த 7 மீட்டரை மனத்தில் வைத்தே வரையுங்கள். 23 அடிக்குள் இரண்டு தளமும் ஓட்டுச் சாய்ப்பும் அடங்கும், மூன்றாவது அடங்காது. ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடி, பள்ளத்திலிருந்து பார்த்தால் மூணு மாடி என்கிற வித்தை இங்கே பழையது. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்குக் கூடுதல் மாடிகளுக்கு விலக்குத் தந்த வழக்கில், 2000-ல் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வரைக்கும் போய், 2001-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலையானது. அதே ஊரில் 2019-ல் நீதிமன்ற உத்தரவின் பேரில் விதிமீறிய கட்டடங்களை வரிசையாகப் பூட்டி முத்திரை வைத்தார்கள்.

கூடலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று: பழைய ஜென்மிகளின் நிலவுரிமையை ஒழித்த 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தில், குத்தகை நிலங்களைப் பற்றிய பிரிவு 17-ல் சிக்கிய நிலமென்றால் பட்டாவே கிடையாது, இந்த இணையதளத்தால் ஒன்றும் ஆகாது.

இந்தச் சேவையின் பெரிய ஓட்டை தண்ணீர் விஷயம். 2003-லிருந்து மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், சமவெளி வரைபடத்தில் வரும் உறிஞ்சு குழியை அப்படியே நகலெடுத்து மலை மனையிலும் ஒட்டுகிறார்கள். சென்னை மணலுக்கு அது வரம். இங்கே சரிவின் தலைமாட்டில், அதுவும் தடுப்புச் சுவருக்கு முதுகுப்புறம் குழி தோண்டி மழையை இறக்குவது, மண்ணை நாமே ஊறவைத்துத் தள்ளிவிடுகிற வேலை. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் இறங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் பெய்தது 82 செ.மீ. அதே கூரைக்கு அது 76,000 லிட்டர். நீலகிரியின் 2009 நவம்பர் நிலச்சரிவுகளுக்குப் பிறகும், இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று வரைபடத்தில் யாரும் கேட்பதில்லை என்பது வருத்தம். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடியுங்கள். தொட்டி நிரம்பி வழிவதைச் சிமெண்ட் பூசிய வாய்க்காலில் ஓடை வரைக்கும் கொண்டுபோய் விடுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் தலையில் விடாமல். செப்டிக் டேங்க் கழிவுநீரும் இதே கணக்கில்தான், சுவருக்கு மேலே ஊறவிடக் கூடாது.

தடுப்புச் சுவரையும் 'சுவர்' என்று ஒரு கோடாகக் காட்டினால் அனுமதி கிடைத்துவிடுகிறது. கோட்டுக்கு அகலமில்லை, சுவருக்கு வேண்டும். கருங்கல் சுவர் 2 மீட்டர் உயரமென்றால் அடியகலம் 1 மீட்டருக்குக் குறையக் கூடாது. தண்ணீர் வடிய ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாக 100 மி.மீ. குழாய்த் துளைகள் வேண்டும், பின்னால் ஒரு அடிக்கு ஜல்லி நிரப்ப வேண்டும். விழுந்த சுவர்கள் பலவற்றில் கல் உடைந்திருக்காது, துளை அடைத்திருக்கும். வீட்டின் பாதியைச் சரிவை வெட்டிய தரையிலும் பாதியைக் கொட்டிய மண்ணிலும் நிறுத்தினால், கொட்டிய பக்கம் இறங்கி ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கு வெடிப்பு வரும். எல்லா அஸ்திவாரமும் கொட்டிய மண்ணைத் தாண்டி இயற்கையான கெட்டி மண்ணைத் தொடட்டும்.

கட்டட அனுமதி கையில் இருக்கிறதென்று பொக்லைனை இறக்கிவிடாதீர்கள். நீலகிரியில் அதற்குத் தனி அனுமதி, மரம் வெட்ட 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி இன்னொன்று. இரண்டையும் இதே இணையதளத்தில் இணைக்காதது பெரிய குறை. வண்டியைப் பிடித்து வைத்தபிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

கட்டணம் இணையத்தில் கட்டுவது, விண்ணப்பம் யார் மேசையில் நிற்கிறது என்று பார்ப்பது, இவை இரண்டும் முன்பைவிட எவ்வளவோ மேல். மலைக்கு ஐந்துக்கு இரண்டரை.

விண்ணப்பிக்கும் மாதத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தை, மாசியில் அளவெடுத்தால் சரிவு தெளிவாகத் தெரியும். கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் ஆனி பிறக்கும் முன் அஸ்திவாரமும் தடுப்புச் சுவரும் முடிந்திருக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரியில் அடி விழுவது ஐப்பசியில், அதனால் அங்கே புரட்டாசி வரைக்கும் அவகாசம் உண்டு. அனுமதி அதற்குப் பிறகு வந்தால், வெட்டிய மண்ணைத் திறந்துபோட்டுக்கொண்டு மழையைச் சந்திக்காமல் அடுத்த தைக்குத் தள்ளிவையுங்கள்.