கொல்லைக் குளத்து அல்லி: மேக்ரோவா, ஜூமா, கைப்பேசியா?

மொரீஷியசில் ரோஸ்ஹில் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சின்னக் குளம் இருக்கிறது. பத்தடிக்கு எட்டடி, முழங்கால் ஆழம். அக்கம்பக்கத்தில் கிரியோல் மொழியில் ‘பாசேன்’ என்பார்கள், மாமியாருக்கு மட்டும் அது குளம்தான். அதில் நீல அல்லி. பூவைப் படமெடுக்க மூன்று வகையாகவும் முயன்று பார்த்துவிட்டேன்.

முதலில் வாங்கியது 100 மி.மீ. மேக்ரோ, சின்னதை மிகக் கிட்டத்தில் வைத்துப் பெரிதாக எடுக்கும் லென்ஸ். பூ என்றாலே மேக்ரோ என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். அது முழு உருப்பெருக்கம் தர வேண்டுமானால் பூவுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்க வேண்டும். பூவோ கரையிலிருந்து நாலடி தள்ளி. எட்டிப் பிடிக்கலாம் என்று ட்ரைபாடின் ஒரு காலைத் தண்ணீருக்குள் ஊன்றினேன். அடியில் ரப்பர் கழன்று கூர்முனை நீட்டிக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் காலை குளத்தில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. தண்ணீர் கசியாமல் இருக்கக் குளத்தடியில் விரித்திருந்த ஷீட்டில் ஓட்டை!

ஆனாலும் மேக்ரோவை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். அல்லி மலர்ந்த முதல் நாள் அதன் நடுக்கிண்ணத்தில் தெளிந்த நீர் தேங்கி நிற்கும், மகரந்தத் தாள்கள் சுற்றிலும் நிமிர்ந்திருக்கும். அந்த நீரில் விழுந்து செத்த பொடிப் பூச்சியைக்கூடச் சில நாள் பார்க்கலாம். மறுநாள் நீர் இருக்காது, தாள்கள் உள்பக்கம் வளைந்து மூடிக்கொள்ளும். இந்த வித்தியாசத்தைக் காட்ட மேக்ரோவை விட்டால் வேறு வழியில்லை. அதற்கு அல்லியைத் தரையில் நடாமல் தொட்டியில் வைத்து வளர்க்க வேண்டும். முந்தின சாயங்காலமே தொட்டியை மெல்லக் கரையோரம் இழுத்துவிட்டால், காலையில் பூ கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்.

மற்றபடி தினசரிக்கு 70-300 மி.மீ. ஜூம்தான், தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுத்துக் காட்டும் லென்ஸ். பொதுவாக இது தெளிவாகப் பிடிக்கும் மிகக் கிட்டத்துத் தூரம் 1.2 முதல் 1.5 மீட்டர். கரைக்கும் பூவுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய அவ்வளவுதானே! 300-இல் வைத்தால் பின்னால் இருக்கும் சுவர், துணிக்கொடி எல்லாம் கரைந்து காணாமல் போகும். கை ஆட்டம் தெரியும் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/500 நொடிக்குக் கீழே இறக்குவதில்லை. பாம்பிள்மூஸ் தாவரவியல் பூங்காவில் ராட்சத அல்லிகள் இருக்கும் பெரிய தடாகத்துக்குப் போனாலும் இதே ஜூம்தான், அங்கே மேக்ரோவுக்கு வேலையே இல்லை.

கைப்பேசி ஒரு விஷயத்தில் இரண்டையும் தோற்கடிக்கும். தலைகீழாகப் பிடித்தால் அதன் லென்ஸ் தண்ணீரை ஒட்டி வந்துவிடும். தவளை பார்க்கிற மாதிரி, பூவுக்குப் பின்னால் வானம் தெரியும். அந்தக் கோணம் பெரிய கேமராவில் லேசில் கிடைக்காது. நிறம்தான் தொல்லை. நீல இதழ் வெளுத்துப் போகும், திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகும். பின்புலத்தை மங்கலாக்கும் போர்ட்ரெயிட் வசதியை மட்டும் தொடாதீர்கள், இதழ் நுனிகளைக் கத்திரித்ததுபோல் வெட்டிவிடும்.

உண்மையில் எனக்குப் படம் மாறியது லென்ஸால் இல்லை, லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் என்ற கண்ணாடி வடிகட்டியால்தான். வளையத்தைத் திருப்பத் திருப்ப இலைமேல் படிந்த வெள்ளைப் பளபளப்பு அகன்று பச்சை வெளியே வரும், தண்ணீர் கறுத்துப் போகும். நேர் மேலிருந்து பார்த்தால் இது பலிக்காது. நீர்மட்டத்துக்கு 37 டிகிரி அளவில் சாய்ந்து பார்க்க வேண்டும். வெளிச்சத்தில் ஒன்றரை ஸ்டாப் போல விழுங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்ற வேண்டியிருக்கும். பூவின் பிம்பம் தண்ணீரில் வேண்டுமென்றால் கழற்றிவிடுங்கள், இது அதையும் சேர்த்துத் துடைத்துவிடும். கைப்பேசிக்காரர்கள் போலராய்டு கூலிங்கிளாஸை முன்னால் பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நேரம் எதுவென்றால், எங்கள் அல்லி விரிய ஒன்பது மணி ஆகும். அப்புறம் தென்கிழக்குக் காற்று பிடித்துக்கொண்டால் தண்ணீர் அலைபாயும். தமிழ்நாட்டில் மார்கழி வெயில் தெற்கே சாய்ந்து வரும், இங்கே ஜூன், ஜூலைக் குளிரில் வடக்கே சாயும். அதனால் தென்கரையில் உட்கார்ந்தால் இதழுக்குள் வெளிச்சம் ஊடுருவும். பதினோரு மணிக்கு மேல் பூ மாமியாருடையது, சாமி படத்துக்குப் போய்விடும்.

ஒன்றுக்குத்தான் காசு என்றால் பழைய 70-300 ஒன்றை வாங்குங்கள். போலரைசர் அளவு லென்ஸ் மூடியின் உட்புறத்தில் பெரும்பாலும் எழுதியிருக்கும்.