.308-க்கு மைக்ரோமீட்டர் சீட்டிங் டை: சில வருஷப் பழக்கத்தில் தெரிந்தது

டெக்சஸில் இருக்கிறேன். இலக்குச் சுடுதலுக்கான .308 வின்செஸ்டர் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறேன். ரெட்டிங் காம்பெட்டிஷன் சீட்டிங் டை பல வருஷமாக என் தோட்டா நிரப்பும் பிரஸ்ஸில் ஓடுகிறது. கேஸுக்குள், அதாவது தோட்டாவின் உலோகக் கூட்டுக்குள், புல்லட்டை வேண்டிய ஆழத்துக்கு இறக்கி வைப்பதுதான் இதன் வேலை; அந்த ஆழத்தை மைக்ரோமீட்டர் தலையைத் திருகி மாற்றலாம். சாதாரண டையைவிட விலை நன்றாகவே அதிகம். வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். கூடவே ஓஜைவ் கம்பாரேட்டரும் (நுனிக்குப் பதில் புல்லட்டின் வளைவிலிருந்து நீளம் அளக்க, காலிப்பரில் மாட்டும் துணைக்கருவி) வாங்குங்கள். அது இல்லாவிட்டால் இந்த டையின் அருமை பாதிதான் தெரியும்.

நுனியிலிருந்து நீளம் அளந்தால், ஒரே பெட்டியில் வந்த, நுனியில் துளையுள்ள ஹாலோ பாயிண்ட் புல்லட்டுகள்கூட ஒன்றுக்கொன்று மாறும். பேரலுக்குள் இருக்கும் சுருள் வரிகளான ரைஃபிளிங்கை முதலில் தொடுவது நுனியும் அல்ல, அதற்குக் கீழே புல்லட் பருத்து வரும் ஓஜைவ் வளைவுதான். அங்கிருந்து கேஸின் அடிவரை அளந்தால் காலிப்பரில் எண் ஆடாமல் நிற்கும்.

டையின் தலையில் ஒரு கோடு 0.001 அங்குலம். கைப்பிடியை இறக்கும்போது உள்ளே இருக்கும் ஸ்பிரிங் உறை கேஸையும் புல்லட்டையும் நேராகப் பிடித்துக்கொள்கிறது, அதன் பிறகே ஸ்டெம் என்ற தண்டு புல்லட்டை அழுத்துகிறது. ரைஃபிளிங்கிலிருந்து 0.020 அங்குலம் தள்ளி ஆரம்பித்து, அப்புறம் 0.040, 0.060 என இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு குரூப் (ஒரே இலக்கில் அடுத்தடுத்து சில குண்டுகள்) சுட்டுப் பார்ப்பேன். சியராவின் 168 கிரெய்ன் மேட்ச்கிங் இதில் சாது, கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். காற்றுத் தடையைக் குறைக்க நீண்டு கூராக இருக்கும் விஎல்டி வகை புல்லட்டுகள் அடம்பிடிக்கும்.

சுடச் சுட பேரலின் தொண்டை, அதாவது ரைஃபிளிங் தொடங்கும் இடம், தேய்ந்து ரைஃபிளிங் முன்னால் நகர்கிறது. அதைத் துரத்திக்கொண்டு நீளத்தைக் கூட்டிக்கொண்டே போவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. குரூப் அதிகம் மாறாத ஒரு ஆழ வீச்சு கிடைத்தால் அதன் நடுவில் நின்றுவிடுங்கள். மேகசினில் போட்டுச் சுடுபவர்களுக்கு அதன் நீளமே எல்லை கட்டிவிடும்; .308-க்குத் தரமாக வைத்திருக்கும் அதிகபட்ச நீளம் 2.810 அங்குலம்.

ரைஃபிளிங்கைத் தொடும்படி வைத்தால் அழுத்தம் ஏறும். சுடாமல் வெளியே இழுக்கும்போது புல்லட் பேரலிலேயே மாட்டி, பவுடர் துப்பாக்கியின் இயங்குபகுதியான ஆக்‌ஷனுக்குள் கொட்டவும் செய்யும். அதிக ஆழம் இறக்கினாலும் கேஸுக்குள் இடம் குறைந்து அழுத்தம் கூடலாம். ஆழத்தை மாற்றினால் பவுடரைக் குறைத்து மறுபடி கீழிருந்தே வாருங்கள். இதில் சமரசமே வேண்டாம்.

குறை ஒன்று உண்டு. பவுடர் நெருக்கி அமுங்கும் லோடுக்கு இந்த டை வேண்டாம். ஸ்டெம் புல்லட்டில் வளையத் தடம் பதிக்கிறது, ஆழமும் ஒன்றுபோல் வராது.

புல்லட் ரகம் மாற்றும்போது மைக்ரோமீட்டரை முதலில் மேலே திருகிவிட்டு, பவுடரும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத டம்மி தோட்டாவில் அளந்து அளந்து இறக்குங்கள். எந்த புல்லட்டுக்கு எந்த எண் என்று டையின் டப்பா மூடியில் மார்க்கரால் எழுதி வைத்திருக்கிறேன்.