எனாமலா, அக்ரிலிக்கா? பழைய பிளாஸ்டிக் சிப்பாய்களை வைத்து ஓர் அலசல்

எண்ணெய் சார்ந்த எனாமல் வண்ணமா, தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமா என்ற சண்டை பொம்மைச் சிப்பாய்களுக்கு வண்ணம் பூசுகிறவர்களிடையே ஓய்வதே இல்லை. ஆரம்பகாலத்தில் நான் வண்ணம் பூசிய சிப்பாய்களை மேசையில் நிறுத்தி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தால், அந்தச் சண்டையில் பாதி வீண் என்றே தோன்றுகிறது. எது நின்றது, எது உரிந்தது என்பதை டப்பாவில் இருந்த வண்ணத்தைவிட, அடியில் இருந்த பிளாஸ்டிக்தான் அதிகம் தீர்மானித்திருக்கிறது. அதனால் முதல் போட்டி வண்ணங்களுக்குள் இல்லை, பிளாஸ்டிக்குகளுக்குள்.

வளைகிற சிப்பாய், ஒடிகிற சிப்பாய்

பையில் மொத்தமாக அள்ளிப் போட்டு விற்கும் பச்சைச் சிப்பாய்கள் பெரும்பாலும் பாலித்தீன். பிரிட்டிஷ் மாதிரிப்பொம்மை நிறுவனமான ஏர்ஃபிக்ஸ் 1959-இல் தொடங்கிய குட்டிச் சிப்பாய் வரிசையும் அதே ரகம்தான். வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். பிளாஸ்டிக் சட்டத்தில் தனித்தனி உறுப்புகளாக வந்து, கையையும் தலையையும் நாமே வெட்டி ஒட்டவேண்டிய உருவங்கள் பாலிஸ்டைரீன். வளைத்தால் படக்கென்று ஒடியும். சந்தேகம் என்றால் ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். பாலித்தீன் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பாலிஸ்டைரீனின் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.05 மடங்கு அளவில் இருப்பதால் மூழ்கும். வளையவும் செய்கிறது, மூழ்கவும் செய்கிறது என்றால் அது அநேகமாக வினைல். அதன் தொல்லை வேறு மாதிரி, அப்புறம் வருகிறேன்.

பாலித்தீன் மேல் வண்ணம் பரவவே தயங்கும், மெழுகுத் தாளில் விழுந்த தண்ணீர் மாதிரி. வண்ணத்தில் இருக்கும் கரைப்பானும் அதைக் கொஞ்சமும் இளக்காது. ஆக, வண்ணத்துக்குக் கவ்விப் பிடிக்க இடமே இல்லை. மேலே ஒரு தோலாக உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். இது போதாதென்று, அச்சிலிருந்து எளிதாகக் கழன்றுவரத் தொழிற்சாலையில் பூசிய வழுக்குப்பொருள் வேறு மேலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவாமல் பூசினால், வண்ணம் ஒட்டுவது அந்த எண்ணெயின் மேல்தான்.

மண்டியிட்டுச் சுடும் ஒருவன் என்னிடம் இருக்கிறான். பாலித்தீன் உடம்பு, எனாமல் சட்டை. அவனுடைய துப்பாக்கிக் குழலில் பூசியிருந்த கறுப்பு, சின்னக் குழாயாக முழுசாகக் கழன்று நிற்கிறது. நகத்தால் தள்ளினால் முன்னும் பின்னும் போய்வருகிறது. கணுக்காலில் வளையம்போட்ட மாதிரி ஒரு விரிசல். முதுகிலும் வயிற்றிலும் மட்டும் பூசியது பூசியபடி இருக்கிறது, ஏனென்றால் அந்த இடம் தடிமன், வளையாது. உரிதல் எங்கே தொடங்கும் என்பதை இவன் ஒருவனை வைத்தே சொல்லிவிடலாம்: துப்பாக்கி, அதன் முனைக்கத்தி, கணுக்கால், பீடத்தின் ஓரம். அதே காலத்தில் பூசிய பாலிஸ்டைரீன்காரன் பக்கத்தில் நிற்கிறான். வண்ணம் அப்படியே இருக்கிறது. துப்பாக்கிதான் இல்லை.

அச்சுக்கோடு, அதாவது அச்சின் இரண்டு பாதிகள் சேருமிடத்தில் விழும் கோடு, அதை நீக்குவதிலும் இரண்டும் எதிரெதிர். பாலிஸ்டைரீனைக் கத்தியால் சுரண்டினால் பொடியாக வந்து வழவழப்பாகிவிடும். பாலித்தீனைச் சுரண்டினால் நார்நாராகச் சிலிர்த்துக்கொள்ளும். வண்ணம் பூசியதும் அந்தச் சிலிர்ப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும். புது பிளேடால் ஒரே இழுப்பில் சீவ முடிந்தால் சீவலாம். இல்லாவிட்டால் கோடு இருந்துவிட்டுப் போகட்டும்.

எனாமலும் அக்ரிலிக்கும்

எனாமலுக்கு ஒரு குணம் உண்டு: பூசியபின் தானாகவே பரவிச் சமமாகும், தூரிகைத் தடம் மறைந்துவிடும். அந்தச் சின்னத் தகர டப்பாக்கள், ஹம்ப்ரோல் நிறுவனத்தின் டப்பா என்றால் 14 மில்லி, நிறைய நாள் வரும். ஆனால் பொறுமை வேண்டும். தொடுகிற அளவுக்குக் காயவே மணிக்கணக்கு. அடுத்த நிறம் மறுநாள்தான். மங்கல் எனாமல் பளபளவென்று காய்ந்தால் டப்பாவைக் குறைசொல்ல வேண்டியதில்லை. மினுமினுப்பைக் கொல்லும் பொருள் அடியில் படிந்து கிடக்கிறது, யாரும் கிளறவில்லை, அவ்வளவுதான். குலுக்கினால் போதாது, குச்சியால் அடியைச் சுரண்டி நிமிடக்கணக்கில் கலக்கவேண்டும். பழைய சிப்பாய்களில் ஒரே நிறம் ஒருவனுக்கு மங்கலாகவும் இன்னொருவனுக்கு ஈரம் காயாதது போலவும் இருப்பதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். கூடவே டர்பன்டைன் நெடி, சன்னல் திறந்துவைத்தாக வேண்டும்.

அக்ரிலிக் தண்ணீரில் கரையும், நெடி கம்மி, கால்மணி நேரத்தில் அடுத்த பூச்சுக்குத் தயார். காய்ந்தபின்னும் கொஞ்சம் இழுபடும். எனாமலோ காற்றில் இறுகிக்கொண்டே போய், வருடங்கள் ஆக ஆக நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வளைகிற துப்பாக்கிமேல் நொறுங்குகிற தோல், விளைவை மேலே பார்த்தோம். அக்ரிலிக்கின் குறை, அது சீக்கிரம் காய்வதுதான்: தூரிகையிலேயே காய ஆரம்பித்துவிடும், தடிமனாக இழுத்தால் கோடு கோடாக நிற்கும். நீர்த்து இரண்டு மூன்று பூச்சாகப் போடுவதே வழி. வெறும் பாலித்தீன்மேல் இதுவும் நகம் பட்டால் போய்விடும். அக்ரிலிக் என்பதால் மந்திரம் ஒன்றும் நடக்காது.

மடிப்புகளில் நிழல் ஏற்றும்போது அக்ரிலிக் தெளிவாக முந்துகிறது. பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் நீர்த்து சிப்பாய் முழுக்கத் தடவினால், பள்ளங்களில் தங்கி வார்களும் பொத்தான்களும் தனித்தனியாக எழுந்துவரும். அடியில் இருப்பது நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் என்றால் டர்பன்டைனால் அதற்கு ஆபத்து இல்லை. எனாமல் என்றால், அதிலும் முழுசாக இறுகாத எனாமல் என்றால், அடிநிறமும் கரைந்து எல்லாம் சேறாகும்.

என் தீர்ப்பு: பாலித்தீனுக்கு அக்ரிலிக், யோசனையே வேண்டாம். பாலிஸ்டைரீனுக்கு எது கைவந்ததோ அது. குதிரையின் விலாப்புறம் மாதிரி அகலமான இடத்துக்கு நான் இன்னும் எனாமல்தான். வினைல் சிப்பாய்க்கு மட்டும் எனாமல் வேண்டவே வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்கக் கலந்த பொருள் மெல்ல வெளியே கசிந்து வண்ணத்துக்குள் ஏறும். மாதங்கள் போனாலும் விரல் ஒட்டும்.

அடிப்பூச்சு

வெள்ளைப் பசையா, ஸ்ப்ரே பிரைமரா? பாலித்தீனுக்குப் பழைய ஆட்களின் உத்தி வெள்ளைப் பசைதான். தச்சு வேலைக்குப் பயன்படும் பிவிஏ பசையைத் தண்ணீரில் நீர்த்து மெல்லிசாகப் பூசினால், காய்ந்ததும் கண்ணாடிபோலத் தெளிவாகி உருவத்தைச் சுற்றி இழுபடும் உறைபோல இறுக்கிக்கொள்ளும். அதன்மேல் அக்ரிலிக், முடிவில் இன்னொரு மெல்லிய பசைப்பூச்சோ வார்னிஷோ. ஈரத் தூரிகையால் திரும்பத் திரும்பத் தேய்த்தால் மட்டும் பசை எழும்பிவரும். ஸ்ப்ரே பிரைமர் பாலிஸ்டைரீனுக்கு அருமை. மென்மையான பிளாஸ்டிக்கில் சில பிரைமர் காயாமல் பிசுபிசுக்கும், அதனால் கூட்டத்தில் ஒருவனைப் பலிகொடுத்துச் சோதித்துவிட்டுத்தான் மற்றவர்கள் மேல் அடிக்கவேண்டும்.

கறுப்பு அடிப்பூச்சா வெள்ளையா என்பது சோம்பல் சம்பந்தப்பட்ட கேள்வி. கறுப்பில் தூரிகை எட்டாத இடம் நிழலாகிவிடும். ஆனால் சிவப்பும் மஞ்சளும் அதன்மேல் செத்துப்போகும். சிவப்புச் சட்டைப் படை என்றால் வெள்ளை, இல்லாவிட்டால் சாம்பல்.

எந்த அளவு, எந்தப் பாணி

1/72 அளவில், அதாவது நிஜத்தை 72-இல் ஒரு பங்காகச் சுருக்கினால், ஆள் 25 மில்லிமீட்டர் உயரம். நிஜக் கண் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் அகலம் என்று வைத்தால், அங்கே அது 0.4 மில்லிமீட்டர். அதில் வெள்ளை வைத்து நடுவில் கறுப்பு வைத்தால் என்ன ஆகும்? என் முதல் படைப்பிரிவில் ஒருவர் விடாமல் பேயைப் பார்த்து மிரண்ட முகம். அந்த அளவில் கண்ணே வேண்டாம். பழுப்பு நிழல் குழியில் தங்கினாலே பார்வை வந்துவிடும். 1/32 அளவில் கண் கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர், அங்கே முயற்சி செய்யலாம். இதற்காக முடி அளவுத் தூரிகை தேடி அலையவேண்டியதில்லை. அந்த மெல்லிசு நுனியில் வண்ணம் முகத்துக்குப் போவதற்குள் காய்ந்துவிடும். கூரான நுனியுள்ள சைபர் அல்லது ஒன்றாம் எண் தூரிகை அதைவிட நல்லது.

பாணியில் நான் சிறுபான்மைக் கட்சி. 1893-இல் பிரிட்டன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த உள்ளீடற்ற ஈயச் சிப்பாய்களின் மரபு பளபளப்பு: தட்டையான நிறங்கள், நிழல் இல்லை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு. இன்றைய மோஸ்தர் மங்கல் வார்னிஷும் மூன்றடுக்கு நிழலும். செதுக்கல் கூர்மையாக உள்ள பாலிஸ்டைரீன் உருவத்துக்கு நிழல் பாணி பொருந்தும். மலிவு பாலித்தீன் சிப்பாய்க்கு அதே பாணி எதிரி. மூக்கும் வாயும் ஒன்றாகக் குழைந்திருப்பதை நிழல் ஊருக்கே காட்டிக்கொடுக்கும். பளபளப்பில் அவனே மிடுக்காக நிற்பான். ஆரம்பகாலச் சிப்பாய்களில் இன்று பார்க்கச் சகிப்பவை எல்லாம் இப்படித் தட்டையாகப் பூசியவைதான்.

பழையதை அழித்துப் புதிதாகப் பூசுவதா, விட்டுவிடுவதா? உரிந்துகொண்டிருக்கும் பாலித்தீனை வளைத்துத் தேய்த்தாலே பாதி வந்துவிடும். பாலிஸ்டைரீன்மேல் அக்ரிலிக் இருந்தால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேய்க்கலாம். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பக்கம் போனால் சிப்பாயே கரைந்துவிடுவான். நன்றாக நிற்கிறவர்களை நான் தொடுவதில்லை, மிரண்ட முகக்காரர்கள் உட்பட. உரிகிறவர்களுக்கு முழுசாகக் கழற்றிவிட்டு, கழுவி, பசைப்பூச்சிலிருந்து தொடங்குகிறேன். பழைய வண்ணத்தின் மேலேயே புதிது பூசினால், அடியில் இருப்பது உரியும்போது மேலே இருப்பதையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.